கெபித் தெருவின் காத்து

அமலோற்பவம் என்கிற அமலியை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது சுலபம். குமுளி மலை இறங்கி வருகிற வழியில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில், இருதயபுரம் என்கிற ஊரில், மாதா நிற்கிற கல்குகையான கெபியில் தொடங்கி ரேஷன் கடையில் முடிகிற தெருவில், நாங்கள் இருவரும் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து எதிரெதிர் வாசல். அவள் கூட்டுகிற குப்பை என் வாசலுக்கும் நான் கூட்டுகிற குப்பை அவள் வாசலுக்கும் போய்க்கொண்டே இருந்தது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்துக்காரிக்கு அன்றைக்கு வாய் நீண்டது, ஊரே அதைக் கேட்டுத்தான் பொழுது விடிந்ததைத் தெரிந்துகொண்டது. செபமாலை சொல்லும்போதுகூட அவள் குரல்தான் மேலே நிற்க வேண்டும். "எங்களைக் காத்து ரட்சியும்" என்று அவள் இழுக்கிற இழுப்பில் மாதாவே காதைப் பொத்திக்கொள்வாள் என்று நான் சொல்வேன், அவளுக்குக் கேட்கும்படியாகத்தான் சொல்வேன்.

அவள் புருசன் சந்தியாகு நல்ல மனுசன், அதையும் சொல்லியாக வேண்டும். பன்னீர் திராட்சையைப் பிழிந்து, ஜாடியில் ஊறவைத்து, வடிகட்டி, பாட்டிலில் அடைத்து, கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் தெருவில் ஒரு மேசையைப் போட்டு, வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு சின்னக் கிளாஸ் ஒயின் ஊற்றிக் கொடுப்பார். அவர் பெண்டாட்டியோடு நான் பேசாமல் இருந்த வருசங்களிலும், அதாவது எல்லா வருசத்திலும், என் கிளாஸை வாசலுக்கே கொண்டுவந்து கொடுப்பார். கொடைக்கானலில் ஒரு ஹோட்டலை இழுத்து மூடியபோது அங்கிருந்த ஒயின் பிரிட்ஜை ஏலத்தில் எடுத்து, வைக்கோல் சுற்றி டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார். கண்ணாடிக் கதவு, நீல விளக்கு, பூட்டுச் சாவி, உள்ளே ஒரு சின்ன பேன். தெருவே போய்ப் பார்த்தது, நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கோயில் நற்கருணைப் பேழையைப் போல அது ஹாலில் உட்கார்ந்திருந்தது.

போன வருசத் தவக்காலத்தில் சந்தியாகுவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஹாலிலேயே கட்டிலைப் போட்டுப் படுக்கவைத்திருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் போய்விட்டார், அந்த நேரம் அவளைத் தவிரப் பக்கத்தில் யாரும் இல்லை. அடக்கத்துக்கு வந்த எங்களிடம் அவள் சொன்னது ஒன்றுதான்: "அந்தப் பொட்டியக் கைகாட்டி, காத்து வைக்கச் சொல்லிட்டுப் போயிட்டாக." அதோடு பிரிட்ஜைப் பூட்டிய சாவியைக் கழுத்தில் கிடந்த மாதா உத்தரியக் கயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அந்தக் கிறிஸ்துமசுக்கு மேசை வரவில்லை. சந்தியாகுவின் தம்பி இன்னாசி போய்க் கேட்டதற்கு, "அவுக சொன்ன சொல்லு எனக்கு" என்று முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினாள். செத்தவர் பேரில் ஒரு சொட்டுக்கூட எங்கள் நாக்கில் படவில்லை, அதை நாங்கள் மறக்கவும் இல்லை.

அவர் போன நாளிலிருந்து பிரிட்ஜுக்குள் இருந்த பேன் இளைக்க ஆரம்பித்தது. கர்ர் என்று இழுக்கும், கொஞ்சம் நிற்கும், மறுபடி கர்ர் என்று இழுக்கும், என் அடுப்படி வரைக்கும் கேட்கும், குழம்பு கொதிக்கிற சத்தத்தை மீறிக் கேட்கும். அமலி திறந்து பார்க்கவில்லை. திறந்தால் காத்து வைத்தது ஆகாதே. அப்படியே வருசம் திரும்பியது, சந்தியாகுவுக்கு ஆண்டுப் பூசை முடிந்தது, தெருவில் ஒருத்தரையும் சாப்பாட்டுக்குக் கூப்பிடாமல் அவள் வீடு வந்து சேர்ந்தாள், பேன் ஒரு தரம் கர்ர் என்றது, நின்றுவிட்டது.

என் கொடியில் அடித்துக்கொண்டிருந்த சேலை அந்த நொடியில் தொங்கிப்போயிற்று. நான் புடைத்துக்கொண்டிருந்த உளுந்தின் தொலி பறக்காமல் என் காலடியிலேயே விழுந்தது. கெபியில் எரிந்த மெழுகுவத்திச் சுடர் ஆணி அடித்ததுபோல நிமிர்ந்து நின்றது, வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை, வீடுகளில் மின்விசிறிகள் சுற்றின, சுற்றிக்கொண்டே இருந்தன, அடியில் படுத்திருந்தவனின் நெற்றி மயிர்கூட ஆடவில்லை. ரேஷன் கடையைத் தாண்டி ஒரு காலை வைத்தால் மேலத்தெரு, அங்கே காற்று வழக்கம்போல அடித்தது. ஏன் எப்படி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அமலி வீட்டு பேன் நின்றுபோச்சு, அதனால் காத்து நின்றுபோச்சு என்று, மாவு தீர்ந்துபோச்சு, அதனால் இன்றைக்கு இட்லி இல்லை என்பதுபோலச் சொல்லிக்கொண்டோம்.

துணியைக் காயப்போட மேலத்தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மேலத்தெருக்காரிகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். மூச்சு விடுவதற்கென்றே வயசாளிகள் ரேஷன் கடைத் திண்டில் போய் உட்கார்ந்தார்கள். இதற்கெல்லாம் பழகிவிட்டோம். வாசனைக்குத்தான் பழக முடியவில்லை.

காற்று இல்லாத தெருவில் வாசனை எங்கே போகும்? பிறந்த இடத்திலேயே நின்றது. நேற்று தாளித்தது நேற்றின் இடத்தில், இன்று தாளித்தது அதற்கு ஒரு முழம் தள்ளி. வழி கேட்டு வந்த வெளியூர்க்காரனிடம், "அந்த நெத்திலிக் கருவாட்டத் தாண்டிப் போயி, பெருங்காயத்துகிட்ட வலது பக்கம் திரும்புங்க" என்று சொல்ல ஆரம்பித்தோம். பீடியை விட்டுவிட்டேன் என்று கெபியில் சத்தியம் பண்ணியிருந்த இன்னாசியின் வீட்டுப் பின்சுவரில், அவர் வாயிலிருந்து வந்த புகை அவர் தலை உயரத்தில் நாள்கணக்கில் நின்றது, அவர் பெண்டாட்டி அதைத் துடைப்பத்தால் அடித்துப் பார்த்தாள், அது இரண்டாகி நின்றது. தவக்காலத்தில் கறி தொடாமல் சுத்தபத்தமாக இருக்க வேண்டும் என்று எங்களை விரட்டுகிற உபதேசியார் பாக்கியநாதனின் கொல்லை வாசலில், வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, மிளகு தூக்கலாகப் போட்ட மாட்டுக்கறி வறுவல் வாசனை மூக்கு உயரத்தில் நின்றது, பிள்ளைகள் அதற்குள் நுழைந்து நுழைந்து வெளியே வந்தார்கள். சின்னராணியின் தலையில் இருந்த மல்லிகை வாசனை அவள் வாசலில் கிளம்பி, சந்து வழியாகத் திரும்பி, ரேஷன் கடையில் எடை போடுகிறவன் வீட்டுப் படியில் போய் முடிந்தது. அவள் புருசன் மூக்கை நீட்டிக்கொண்டே அதன் வழியாக நடந்து போனான். அன்றைக்கு உடைந்த மண்டைக்குத் தையல் போட உத்தமபாளையம் போக வேண்டியிருந்தது.

பங்குச் சாமியார் வந்து தெருவை மந்திரித்தார். அவர் ஆட்டிய தூபக்கலசத்தின் புகை அவர் முகத்தை விட்டு அகலாமல் அங்கேயே நின்றது, இருமி இருமிப் பாதிச் செபத்தில், "மிச்சத்த அடுத்த வாரம் பாக்கலாம்" என்று மேலத்தெருப் பக்கமாகப் போய்விட்டார். அடுத்த வாரம் வரவில்லை.

இத்தனை நாளும் எங்கள் குற்றத்தையெல்லாம் காற்றுதான் கூட்டிப் பெருக்கி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அமலி எங்களை நாறடித்துவிட்டாள் என்றுதான் சொன்னோம். அவளுக்குக் கறிவேப்பிலை கொடுப்பதை நிறுத்தினோம். வீடு வீடாகப் போகிற மாதா சுரூபம் அவள் வீட்டைத் தாண்டி என் வீட்டுக்கு வந்தது, நான் அதைக் கதவை அகலத் திறந்து வாங்கிக்கொண்டேன். யாரோ அவள் வாசலில் கூமுட்டையை உடைத்தார்கள், அந்த நாற்றம் அவள் நிலைப்படியில் இன்னொரு கதவைப் போல நின்றது, அவள் தலையை நிமிர்த்திக்கொண்டு அதற்குள் புகுந்து போய்வந்தாள். அந்த நிமிர்வுதான் எங்களுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இன்னாசி ஒருநாள் கடப்பாரையோடு போனார். நாங்களும் பின்னால் போனோம். அமலி பிரிட்ஜின் கண்ணாடியில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"தள்ளுங்க மதினி. அது எங்கண்ணன் போட்ட ஒயினு."

"உங்கண்ணன் சொன்ன சொல்லு எனக்கு. என்னக் குத்திட்டு எடுத்துக்கங்க கொழுந்தனாரே."

"தெருவே மூச்சு முட்டிச் சாகுது, நீங்க செத்த மனுசன் பேரச் சொல்லிப் பொட்டியக் கட்டிக்கிட்டு அழுவுறீக."

"செத்துப் போங்க. அவுக செத்தப்ப ஒரு கஞ்சி வச்சுக் குடுத்தீகளா இந்தத் தெருவுல?"

வைத்துக் கொடுத்திருந்தோம். நானே கொடுத்தேன், உப்புக் கொஞ்சம் தூக்கல். அவள் அதைச் சாப்பிடாமல் கோழிக்கு ஊற்றினாள். அதைச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் இன்னாசி கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுத் விருட்டென்று வெளியே போனார். அண்ணன் பெண்டாட்டியைக் குத்துகிற அளவுக்கு அவருக்கு இன்னும் வெக்கை ஏறவில்லை.

ஆனால் அமலிக்கும் வேறொரு பயம் வந்திருந்தது. உள்ளே பேன் சுற்றவில்லை என்றால் குளிர் பரவாது. கீழ்த்தட்டு ஜில்லென்று இருக்க, மேல்தட்டு பாட்டில்கள் சூடேற ஆரம்பித்தன, தக்கைகள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பி வந்தன. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். புருசன் கடைசியாகச் சொன்ன ஒரு சொல், அவர் கடைசியாகப் போட்ட ஒயின், இரண்டும் கண் முன்னால் கெட்டுக்கொண்டிருந்தன. அவள் அழுததை அன்றைக்குத்தான் நான் முதல்முதலாகப் பார்த்தேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. கடைசியில் அவளே கம்பத்திலிருந்து மெக்கானிக்கைக் கூப்பிட்டாள்.

ஜாபர் என்று ஒருத்தன் வந்தான், வாய் ஓயாத ஆள், தெருவுக்குள் வண்டியைத் திருப்பும்போதே உபதேசியார் வீட்டு வறுவலில் மோதி, "யாரு வீட்டுல விசேசம்?" என்று கேட்டுக்கொண்டு வந்தான். நாங்கள் எல்லாரும் அமலி வீட்டு ஜன்னலில் அடைந்துகொண்டோம். அவன் பிளக்கை மாற்றிச் சொருகினான், வோல்டேஜ் பார்த்தான், பிரிட்ஜை இழுத்துத் திருப்பிப் பின்பக்கத் தகட்டைக் கழற்றினான், ஒரு வருசத் தூசியை பிரஷ்ஷால் தள்ளினான். தூசி பறக்காமல் அவன் மூக்குக்கு முன்னால் நின்றது. அதைக் கையால் ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தான்.

"கம்ப்ரஸர் ஓடுதுக்கா. பின்பக்கத்துப் பேனும் ஓடுது. உள்ள இருக்கிற பேனுதான் நிக்கிது. கரண்டு அது வரைக்கும் நல்லாத்தான் போகுது, சுத்த மாட்டேங்குது. ஒண்ணு ஐஸ் பிடிச்சிருக்கணும், இல்ல எதுவும் இடிச்சுக்கிட்டு நிக்கணும். கதவத் தொறங்க, கைய விட்டுப் பாத்துருவோம்."

"தொறக்காமப் பாருப்பா."

"எக்கா, பல்லுப் புடுங்க வந்தவன்கிட்ட வாயத் தொறக்க மாட்டேன்னா எப்படி?"

"தொறக்க முடியாது. காத்து வைக்கச் சொல்லியிருக்காக."

ஜாபர் எங்களைப் பார்த்தான். நாங்கள் உதட்டைப் பிதுக்கினோம். அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான், துடைத்த இடத்திலேயே மறுபடி வேர்த்தது.

"சரி. எந்த மிசினா இருந்தாலும் நான் கேக்குறது ஒண்ணுதான். கடைசியா எப்ப ஒழுங்கா ஓடுச்சு? அப்ப நீங்க என்ன பண்ணீங்க? அதச் சொல்லுங்க, அதுலயே கோளாறு தெரிஞ்சுரும்."

அமலி பிரிட்ஜின் மேல் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள். ஒரு வருசமாக அவளிடம் யாரும் எதையும் இப்படிக் கேட்கவில்லை, எதை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்றுதான் கேட்டோம்.

"அவுக போன அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் நல்லாத்தேன் ஓடுச்சு. சத்தமே இருக்காது. அவுக இந்தா, இந்த எடத்துல கட்டில்ல சாஞ்சிருந்தாக. நெஞ்சுச் சளிக்கு ஆகாதுன்னு ஜன்னலெல்லாம் சாத்தி, மேல சுத்துற பேனயும் நான்தேன் அமத்தி வச்சிருந்தேன். மூச்சு இழுத்துக்கிட்டே இருந்துச்சு. நான் செபம் சொல்லிக்கிட்டு இருந்தேன். திடீர்னு கைய இதுக்கு நேரா நீட்டுனாக. 'காத்து'ன்னாக."

"ம்."

"சரிங்க, காத்து வைக்கிறேன், ஒருத்தரும் தொட மாட்டாகன்னேன். மறுபடியும், 'காத்து... காத்து...'ன்னாக. கையக் கைய நீட்டுனாக. நம்பிக்கையில்லாமக் கேக்குறாகன்னு நெனச்சு, எந்திரிச்சுப் போயி, அவுக கண்ணு முன்னாலயே கதவப் பூட்டி, சாவியக் கொண்டாந்து காமிச்சேன். அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லல. என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாக. அப்படியே போயிட்டாக."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய்க்கு வந்ததை விழுங்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது, அதுவும் அவளிடம் கிடையவே கிடையாது.

"அடியே கூறுகெட்டவளே," என்று கத்தினேன். "மனுசன் காத்துக் கேட்டிருக்காருடி! மூச்சுக்குத் தவிச்சவரு, ஜன்னலச் சாத்தி, பேன அமத்தி வச்ச வீட்டுல, அந்தப் பொட்டிக்குள்ள ஒரு பேன் ஓடுதுன்னு கதவத் தொறக்கச் சொல்லியிருக்காருடி! நீ என்னடான்னா அவரு கண்ணு முன்னாலயே பூட்டிச் சாவியக் காட்டியிருக்க!"

அவளை நோகடிக்க வேண்டும் என்றுதான் கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான் அது நிஜம் என்று எனக்கே தெரிந்தது. ஜாபர் ஸ்க்ரூ டிரைவரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான். உபதேசியார் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். நான் சொன்னது போக இடமில்லாமல் அந்த ஜன்னலிலேயே நின்றுகொண்டிருந்தது.

"காத்து" என்றாள் அமலி, மெதுவாக. பிறகு அவர் சொன்னதுபோலவே, மூச்சை இழுத்துக்கொண்டு, "காத்து" என்றாள். காலையிலும் மாலையிலும் காத்து ரட்சியும் என்று செபித்துச் செபித்துத் தேய்ந்த காது அது. அதில் அந்தச் சொல் விழுந்த விதத்தைத் திருப்பி எடுக்கப் பார்க்கிறவளைப் போல மூன்றாவது தரமும் சொன்னாள். பிறகு உத்தரியத்தோடு இருந்த சாவியை எடுத்தாள். துவாரம் அகப்படவில்லை, உதவிக்குப் போன ஜாபரின் கையைத் தட்டிவிட்டாள். கதவைத் திறந்தாள்.

பேன் சுற்றியது. அவ்வளவுதான், சத்தமே இல்லாமல் சுற்றியது. அங்கே ஐஸும் இல்லை, இடித்துக்கொண்டு எதுவும் நிற்கவும் இல்லை. உள்ளேயிருந்து ஒரு காற்று புறப்பட்டு, ஜில்லென்று, பன்னீர் திராட்சை மணத்தோடும் சந்தியாகு போட்டுக்கொள்கிற கோடாலித் தைல மணத்தோடும் ஜன்னல் வழியாக எங்கள் முகத்தில் அடித்து, தெருவில் இறங்கி, கூமுட்டையைத் தள்ளி, கருவாட்டைத் தள்ளி, பெருங்காயத்தையும் மாட்டுக்கறியையும் மல்லிகையையும் ஒன்றாகச் சுருட்டி, இன்னாசியின் இரண்டு பீடிப் புகைகளையும் வாரிக்கொண்டு, கெபிச் சுடரைச் சாய்த்து, ரேஷன் கடையைத் தாண்டி மேலத்தெருக்காரிகளின் மூஞ்சியில் போய் மோதியது. வேப்பமரம் உடம்பை உதறிக்கொண்டது. ஆண்கள் பனியனைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றார்கள். இன்னாசி உள்ளே போய் ஒரு பாட்டிலை எடுத்தார், அமலி தடுக்கவில்லை. தக்கையைப் பிடுங்கி ஒரு வாய் குடித்தவர் மூஞ்சியைச் சுளித்துத் துப்பினார். அத்தனையும் புளித்துக் காடியாகிப் போயிருந்தது. அதையும் நாங்கள் விடவில்லை, ஆளுக்கொரு பாட்டிலாக எடுத்துப் போய் ஊறுகாய்க்கு ஊற்றிக்கொண்டோம். நன்றி என்று ஒருத்தரும் அவளிடம் சொல்லவில்லை.

எல்லாரும் கலைந்த பிறகுதான் நான் கவனித்தேன். ஹாலில் நாள்காட்டித் தாள் படபடத்தது, திரைச்சீலை பறந்தது, கட்டில் கிடந்த இடத்தில் அவள் கொண்டுவந்து போட்டிருந்த சந்தியாகுவின் நாற்காலியில் துண்டு ஆடியது. நடுவில் நின்ற அவளுடைய முந்தானை மட்டும் நேராகத் தொங்கியது.

காற்று அவளைத் தொடவில்லை. அன்றைக்கும் தொடவில்லை, அதற்குப் பிறகும் தொடவில்லை. தெருவில் அவள் நடந்து வரும்போது ஒரு பக்கமாகப் பிரிந்து, அவளைத் தாண்டி மறுபடி சேர்ந்துகொள்கிறது. தலைக்குக் குளித்தால் அவளுக்கு முடி காய்வதில்லை, வேர்த்தால் வேர்த்தபடி இருக்கிறாள். தெரு அதற்கும் பழகிக்கொண்டது. பிரிட்ஜின் கதவை அவள் சாத்துவதே இல்லை, காலியாகத் திறந்து கிடக்கிறது, நீல விளக்கு எரிகிறது, அதற்கு நேரே அந்த நாற்காலி, அதன் பக்கத்தில் தரையில் இவள்.

ஒரு மத்தியானம், என் கொடியில் சேலை அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் எனக்கு ஏனோ தாங்கவில்லை. பனையோலை விசிறி ஒன்றை எடுத்துக்கொண்டு, சாவுக்கும் சண்டைக்கும் தவிர நான் மிதிக்காத அந்த வாசலை மிதித்து, உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வீசினேன்.

"எதுக்குடி வந்த?" என்றாள்.

"பொழுது போகல. காத்து வருதா?"

"வரல."

இன்னும் வேகமாக வீசினேன். மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். போகும்போதெல்லாம் சண்டை, அவள் வைத்த குழம்பைப் பற்றி, நான் பெற்ற பிள்ளைகளைப் பற்றி, பழைய குப்பையைப் பற்றி. கஞ்சியில் உப்பு அதிகம் என்றாள். கோழிக்குத் தெரியுமாடி உப்பு என்றேன். வீசிக்கொண்டேதான் பேசினேன். எனக்கு அவளை இன்னும் பிடிக்கவில்லை.

நேற்று, அவள் காதோரத்தில் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்த நரைமுடி ஒன்று பிரிந்து, ஒரு தரம் அசைந்தது. விசிறியைத் தூக்கினேன், அசைந்தது, இறக்கினேன், மறுபடி அசைந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வருதாடி?" என்றேன்.

"வரல" என்றாள். "வீசு."

கை வலித்தது. வீசினேன்.